மச்சம் போன பிறகு

என் இடது கன்னத்தில் ஐம்பத்து மூன்று வருஷம் குடியிருந்த மச்சம் ஒன்று, சென்ற பங்குனி மாதம் என்னை விட்டுப் போயிற்று. அது போன கதையைவிட, போன பிறகு நடந்த கதைதான் பெரிது. மச்சத்தை எடுக்க அரை மணி நேரம். அந்த இடம் ஆறி அடங்க ஏறக்குறைய ஒரு வருஷம்! இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்குக் கிடைக்காத அந்த உபகாரத்தை வேறு ஒருத்திக்காவது செய்யலாமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்த ஊர் உப்பூர். இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். தட்சன் வேள்விக்குப் போன பாவத்தால் ஒளி இழந்த சூரியன், இங்கே வந்து வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றான் என்பது தலபுராணம். வெயில் தம்மேல் விழுவதில் அவருக்கு அத்தனை பிரியம். ஊரைச் சுற்றி உப்பளம். ஆக, வெயிலும் உப்பும் எங்களுக்கு விளையாட்டுத் தோழர்கள். இந்த இரண்டையும் பற்றி ஒரு டாக்டர் எனக்குப் புதிதாகப் பாடம் சொல்லித் தருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வாழ்க்கைப்பட்டது மதுரையில். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் முதலில் பார்த்தது என் மச்சத்தைத்தான். "கன்னத்திலே மச்சம், வீட்டுக்கு லட்சுமி" என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். அவருக்கு உத்தியோகம் உயர்ந்தபோது பெருமை மச்சத்துக்குப் போயிற்று. வீடு வாங்கியபோதும் மச்சத்துக்குத்தான். மாதக் கடைசியில் பால்காரருக்குப் பாக்கி நின்றபோது மட்டும் யாரும் மச்சத்தைக் கேட்கவில்லை!

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி சமயத்தில் அது மாறத் தொடங்கியது. மிளகு மாதிரி உருண்டையாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் மை தேங்கினாற்போல் நீண்டது. அவ்வப்போது அரித்தது. ஒரு நாள் முகம் துடைத்த துண்டில் பொட்டாக ரத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேல் பவுடரைப் பூசிக்கொண்டு நாலு மாதம் சும்மா இருந்தேன். படித்தவள்தான், ஆனாலும் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

என் மகள்தான் கண்டுபிடித்தாள். கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவள், தன் கல்யாணப் படத்தையும் அன்றைய என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இது இப்படியா இருந்தது?" என்றாள். மறுநாளே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் அம்மாள் சின்ன விளக்கு வைத்த கண்ணாடியால் வெகு நேரம் பார்த்தார். "பயப்பட வேண்டாம். மச்சங்களில் அநேகமாக எல்லாமே சாதுதான். நம் நாட்டவருக்குத் தோலில் இந்தப் பொல்லாத புற்றுநோய் வருவதும் அபூர்வம். ஆனால் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்" என்று விரலை மடக்கினார். இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா? நிறம் ஒன்றா, பலவா? 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமா? எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே வருகிறதா? என் மச்சம் இரண்டில் தேறவில்லை. "எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவோம்" என்றார்.

படுக்க வைத்துக் கன்னத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். எறும்பு கடித்தாற்போல் சுரீர் என்றது, அவ்வளவுதான். பிறகு இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. எடுத்த துணுக்கை மருந்துப் புட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டில் என் பெயரைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடுகத்தனை மச்சத்துக்கு அங்குலத்துக்கு மேல் தையலா! மறுநாள் போன் பண்ணிச் சண்டையே போட்டேன். டாக்டர் சிரித்தார். "நீங்கள் ரவிக்கை தைத்திருக்கிறீர்களா? வட்டமாக வெட்டின துணியை அப்படியே இழுத்துச் சேர்த்தால் இரண்டு முனையிலும் என்ன ஆகும்?" என்றார். புடைத்துக்கொண்டு நிற்கும்! அதற்காகத்தான் படகு வடிவில், அகலத்தைப் போல் மூன்று பங்கு நீளத்துக்கு வெட்டித் தைக்கிறார்களாம். தையற்காரர் டக் பிடிக்கிற அதே சாமர்த்தியம். எனக்குக் கோபம் போய்விட்டது.

முதல் நாள் மரப்பு விட்டதும் வலித்தது. பாரசிட்டமால் மாத்திரையில் அடங்கிற்று. கட்டில் சிறிது ரத்தம் கசிந்தது. துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடி என்றார்கள், நின்றுவிட்டது. "நின்றதா, நின்றதா" என்று நிமிஷத்துக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பதுதான் நாம் செய்கிற தப்பு. இரண்டாம் நாள் கன்னம் அதிரசம் மாதிரி உப்பி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்துவிட்டது. பால்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பாவம், அவர் ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை! தலையணையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். நாலாம் நாள் வடிந்தது.

புண்ணைக் காற்றாட விட வேண்டும், பக்குக் கட்டினால்தான் ஆறும் என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அது தலைகீழ் என்று தெரிந்துகொண்டேன். ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962-இல் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரப்பதமாக வைத்த புண்ணில், காய விட்ட புண்ணைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்ததாம். பக்கு என்பது பாதையில் கிடக்கிற பாறை. புதுத் தோல் அதைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஆகவே எனக்குச் சொன்ன முறை இதுதான்: முதல் நாள் முழுவதும் நனைக்காமல் இருப்பது, அப்புறம் தினம் சோப்பு நீரால் மெல்லக் கழுவி, ஒற்றி எடுத்து, வாசலின் தடவி, பிளாஸ்திரி போடுவது. மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி ஒன்றும் கூடாது.

எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்குக் கழுத்தில் மேடாக நின்ற மச்சத்தைத் தையல் இல்லாமல் மேலாகச் சீவி எடுத்தார்கள். அவருக்கு மாங்காயில் தோல் சீவின இடம் போல் மட்டமான புண். அதுவும் இதே வாசலின் வைத்தியத்தில் மூன்று வாரத்துக்குள் ஆறிற்று. மேலே ஒரு மஞ்சள் படலம் படிந்ததைச் சீழ் என்று நினைத்து அழுதுவிட்டார். சீழ் அல்ல; ஆறுகிற புண்ணில் அப்படிப் படிவது உண்டு. நாளுக்கு நாள் வலியும் சிவப்பும் அதிகமானாலும், நாற்றத்தோடு சீழ் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீவி எடுத்த இடத்தில் சில மாதம் கழித்துக் கறுப்பு மறுபடி தலைகாட்டினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். முகத்தில் சீக்கிரம் பிரித்துவிடுவார்கள். முதுகு, கால் என்றால் பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகுமாம். "ரிப்போர்ட்?" என்றேன். "இன்னும் வரவில்லை" என்றார்கள். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினாள். "இங்கிட்டு வந்து இருந்துட்டுப் போத்தா." மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரே கவலை. அம்மாவுக்கு எண்பது வயது. கை வைத்தியத்தில் ஊருக்கே ராணி. நான் போய் இறங்கியதும் மஞ்சளை அரைத்துக்கொண்டு நிற்பாள், எப்படித் தடுப்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அம்மா அப்படி ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை வாங்கி, என்னையே இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அந்தக் காகிதத்துக்கு அவள்தான் காவல்! காலையில் கழுவினேனா, வாசலின் வைத்தேனா என்று வேளை தவறாமல் கேட்பாள். அரிக்கிறதே என்று கையைக் கொண்டுபோனால், "கையை எடு" என்று ஓர் அதட்டல். இரண்டாம் வாரத்தில் அரிப்பது ஆறுவதன் அடையாளம். சொறிந்தால் காரியம் கெட்டுவிடும்.

தேவிபட்டினத்துக் கடலில் நவபாஷாணத்தைச் சுற்றி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தால் மனம் தெளியுமே என்று ஆசைப்பட்டேன். "தோல் நல்லா மூடற மட்டும் குளம், கடல் கூடாதுன்னு நீதானே படிச்சே?" என்றாள் அம்மா. உப்பு நீர் புண்ணுக்கு நல்லதுதானே என்று வாதாடினேன். எங்கள் ஊரில் அளத்தில் இறங்கி உப்பு வாருகிறவர்களைக் கேட்டால் தெரியும், வெடித்த பாதத்தில் உப்பு நீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று. ஆஸ்பத்திரியில் புண் கழுவுவதும் உப்பு நீர்தான். ஆனால் அதில் 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, கிருமியில்லாமல் அளந்து போட்டது. கடலும் பாத்தியும் அந்த அளவுக்குக் கட்டுப்படுமா?

பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டபோதும் அம்மா குடையை நீட்டினாள். "வெயில் பிள்ளையாருக்கு உகந்தது. உனக்கில்லே" என்றாள். டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். புதுத் தோலில் வெயில் பட்டால், நம்மைப் போன்ற மாநிற மேனியில் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நன்றாக மூடின பிறகு வெயில் தடுக்கும் களிம்பு. அதுவரை பிளாஸ்திரியும் குடையும் முந்தானையும்.

ஒரு நாள் சாயங்காலம் அடுத்த தெருப் பெரியம்மா பார்க்க வந்தார். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி கத்தி வைக்கலாமா? சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைச்சுப் பொட்டா வச்சா, தானா உதிர்ந்திருக்குமே! முன்னே எல்லாம் உங்க ஆத்தாதானே வச்சு விடுவா" என்றார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அந்தப் பேச்சை என் வீட்டிலே எடுக்காதே" என்றாள். அவ்வளவு கடுமையாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மா காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று இரவு திண்ணையில் படுத்திருந்தோம். வெகு நேரம் கழித்து அம்மா மெல்லச் சொன்னாள். "உன் சித்திக்கு நான்தான் வச்சேன்."

நான் முன்னே சொன்ன பயத்துக்குக் காரணம் இந்தச் சித்திதான். அம்மாவின் ஒரே தங்கை. எனக்குப் பதினோரு வயதாகும்போது இறந்துபோனாள். காலில் புண், அது உடம்பெல்லாம் பரவிற்று என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மீதியை அன்றுதான் கேட்டேன்.

"உள்ளங்காலிலே கறுப்பா ஒரு பொட்டு. அளத்துக்குப் போறவ, கருவேல முள்ளு குத்தி உள்ளே தங்கிருச்சுன்னு நெனச்சோம். நான் சுண்ணாம்பு வச்சேன். உதிர்ந்துச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடியும் வச்சேன். மறு வருஷம் தொடை இடுக்கிலே கட்டி. ராமநாதபுரத்துக்குக் கொண்டு போனப்போ, காலம் கடந்துபோச்சுன்னு சொல்லிட்டாக. நான் வச்ச சுண்ணாம்புதான் அவளை..." மேலே பேச முடியவில்லை.

நாற்பத்திரண்டு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் அம்மா சமைத்திருக்கிறாள், கோலம் போட்டிருக்கிறாள், எங்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்திருக்கிறாள்!

நான் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டரிடம் சித்தியைப் பற்றிச் சொன்னபோது அவர் விளக்கியதை ஒன்று விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். இந்தப் புற்று நம்மவர்களுக்கு அபூர்வமாக வந்தாலும், வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. சுண்ணாம்பு அதை உண்டாக்குவதில்லை. மேலே இருப்பதைச் சுட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மறைத்துவிடுகிறது. போனது காலம்தான். அந்தக் காலத்தில் அது முள் அல்ல என்று சொல்ல ஊரில் யார் இருந்தார்கள்? உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் மார்லிக்கே கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். 1977-இல்தான் புற்று என்று தெரிந்தது. 1981-இல், முப்பத்தாறு வயதில் போய்விட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரிய பாட்டுக்காரகளோ?" என்றாள்.

"உலகம் பூராவும் கேட்டாங்க."

"அவுக காலையும் அடிபட்டதுன்னுதான் நெனச்சாகளாக்கும்" என்றாள். அதற்கப்புறம் அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மகள் போன் பண்ணினாள். "அம்மா! சாதாரண மச்சம்தான். முழுக்க எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள்." எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் கிழக்கே திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, "என் பாதத்தையும் ஒரு தரம் பாருத்தா. எனக்குக் கண்ணு தெரியலே" என்றாள்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்தேன். எண்பது வருஷம் உப்பு மண்ணில் நடந்த பாதம். வெடிப்பு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. சொன்னேன். "சரி" என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கதை இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தழும்பு அப்படி நினைக்கவில்லை. இரண்டாவது மாதத்தில், ஆறின இடம் திடீரென்று சிவந்து தடித்துக் கயிறு மாதிரி ஆயிற்று. தொட்டால் மரத்திருந்தது. இதற்கு மச்சமே தேவலையே என்று அழாத குறை. டாக்டர், "இப்போதுதான் உள்ளே வேலை நடக்கிறது" என்றார். மேலே தோல் மூடினதும் வேலை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். 3 வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்குமாம். 3 மாதத்தில் சுமார் 80 சதவீதம். முழுப் பலம் திரும்புவதே இல்லையாம். சிவப்பு வெளுக்கவும், தடிப்பு அமுங்கவும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். மார்பு, தோள், காது மடல், தாடை ஓரம் இவற்றில் சிலருக்குத் தழும்பு புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிடுவது உண்டு. கீலாய்டு என்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் மச்சம் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்படி ஆகவில்லை. சிலிக்கான் களிம்பைத் தடவிக்கொண்டு காத்திருந்தேன். ஆனியில் அடங்கத் தொடங்கிற்று. ஆவணியில் சதுர்த்தித் திருவிழாவுக்கு உப்பூர் போனபோது, அம்மா கிட்டே வந்து தேடித்தான் கண்டுபிடித்தாள்.

இப்போது மறுபடி பங்குனி வரப்போகிறது. கன்னத்தில் ஒரு மெல்லிய வெள்ளை நூல்; அவ்வளவுதான். மாமியார்தான், "லட்சுமி போயிட்டாளே" என்று ஓரொரு சமயம் பெருமூச்சு விடுகிறார். "போகவில்லை அத்தை, கோடாக மாறியிருக்கிறாள்" என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அழகுக்காக மச்சத்தைச் சுட்டுக்கொள்ளப் போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் பார்க்காமல் எதையும் சுட வேண்டாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுட்டுச் சாம்பலான பிறகு அது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. முகத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். பாதத்தை யார் பார்க்கிறார்கள்? மாதம் ஒரு தரம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில், அம்மாவின் உள்ளங்காலையும் மாமியாரின் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் காலையும் யாரிடமாவது நீட்டுங்கள். நான் ஒவ்வொரு தரம் ஊருக்குப் போகும்போதும் பார்க்கிறேன். அம்மா இப்போது நான் கேட்பதற்கு முன்பே காலை நீட்டிவிடுகிறாள்.